முகத்தில் பார்த்து அனுப்பியது

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். முட்டிவலி மட்டும் என்னோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்துகிறது. அதோடு பஸ் ஏறி உன்னை வந்து பார்த்து மூன்று வருஷமாகிறது. நீ, உன் வீட்டுக்காரி, சின்னவள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கடைந்து அனுப்பிய பிரஷ் பிடிகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். விற்ற பிறகு எவனாவது கண்டுபிடித்தால் ஊர் முழுக்கச் சொல்வான். நம்மிடம் சோப்பும் பிரஷும் வாங்கி, நுரை போட்டு நிதானமாகச் சவரம் செய்கிறவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம், வாயில் அதிகம்.

இத்துடன் எண்ணெய்த்தாளில் சுற்றிய சோப்புத் துண்டு இருக்கிறது. போன மாதம் காய்ச்சிய ஈடு. எலுமிச்சைப்புல் வாசனை. இந்தத் தடவை பொட்டாஷ் காரம் வேறு இடத்தில் வாங்க வேண்டியதாயிற்று. பழைய கடைக்காரர் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டார், மகன் பெயின்ட் விற்கிறான். புதுக் காரம் ஈரமில்லாமல், கட்டி தட்டாமல், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எப்போதும் போடுகிற அளவையே போட்டேன். சோப்பு நன்றாக இறுகிவிட்டது.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஈட்டையும் நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பேன். காரம் மிஞ்சியிருந்தால் சுள்ளென்று இழுக்கும். சோப்பு தின்கிற பெண்டாட்டி எனக்கு மட்டும்தான் வாய்த்தாள் என்று உன் அத்தான் கேலி செய்வார். பிறகு அவரே அதைக் குழைத்துப் பூசிச் சவரம் செய்து பார்ப்பார். அவர் போனபின் பத்து வருஷமாக உன் முகம். நாக்கில் வைத்துப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். உன் முகம் இருக்கும்போது என் நாக்கு எதற்கு?

இதைப் போனிலேயே கேட்கலாமே என்று உன் வீட்டுக்காரி சொன்னாளாம். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். தாளில் மழுப்ப முடியாது. டப்பா ஒவ்வொன்றிலும் ‘முகத்தில் பார்த்து அனுப்பியது’ என்று அச்சடித்து ஒட்டுகிறேனே, அதற்கு என் கையில் எழுத்து வேண்டும். சவரக் கத்தி விற்கிற நம் சாணைக்காரர் இந்த ஈட்டுக்காகக் காத்திருக்கிறார். அவரிடம் கத்தி வாங்குகிறவர்கள் கையோடு என் சோப்பையும் வாங்கிப் போகிறார்கள். சீக்கிரம் எழுது.

முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அது என் சொத்து.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அடுப்படியில் நின்றுகொண்டே இருக்காதே, ஒரு முக்காலி போட்டுக்கொள்.

சோப்பு கிடைத்தது. நுரை நன்றாக வருகிறது. வாசனை இதமாக இருக்கிறது. பிளேடு வழுக்கிக்கொண்டு போகிறது. எரிச்சல் இல்லை. அனுப்பலாம்.

சின்னவளுக்குச் சளி. டாக்டரிடம் போனபோது என் தோலையும் காட்டினேன். பட்டறை மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பெரிதாக ஒன்றுமில்லை. வெடிப்பு விட்ட பிடிக்குப் பதில் வேறு கடைந்து அனுப்புகிறேன்.

உன் தம்பி

---

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறு எரிகிறது. சின்னவளின் சளி விட்டதா?

சாணைக்காரர் என் பெயரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் எனக்குப் போன் செய்தார். பஸ் ஓட்டுகிற ஒருவர் எலுமிச்சைப்புல் சோப்பு வாங்கிப் போய், மறுநாள் கன்னமெல்லாம் சிவந்து தோல் உரிந்து வந்து நின்றாராம். இது யார் முகத்தில் பார்த்தது என்று கேட்டார். என் தம்பி முகத்தில், எழுத்து இருக்கிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டார். பத்து நாள் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் என் டப்பாக்களை எல்லாம் தட்டிலிருந்து இறக்கி மூட்டை கட்டிவிட்டார். யார் கேட்டாலும் ஒரே பதில்தானாம்: “அது முகம் பாக்காத சோப்பு. நான் விக்க மாட்டேன்.”

முகம் பார்க்காத சோப்பு. டப்பாவில் நான் ஒட்டியிருக்கிற அந்த ஒரு வரியைத்தான் குறிவைத்து அடித்திருக்கிறான். சோப்பு மட்டம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், அது அவரவர் தோல். என்னைப் பொய்க்காரி என்கிறான். இத்தனை வருஷம் உன் அத்தான் தந்த முகத்தையும் சேர்த்துப் பொய் என்கிறான். பெரிய கம்பெனிக்காரனுக்கு விளம்பரம் இருக்கிறது. என்னை மாதிரி அடுப்படியில் காய்ச்சுகிறவளுக்குப் பெயரைத் தவிர என்ன இருக்கிறது? இந்த வாரம் மட்டும் பாதிப் பேர் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அவனே சோப்பு காய்ச்சி விற்கப் போகிறான். அதற்கு முன்னால் என் இடத்தைக் காலி செய்கிறான். நான் விடப்போவதில்லை. என் முகத்தில் கரி பூசியவனை, எந்த மனிதர்கள் முன்னால் பூசினானோ அதே மனிதர்கள் முன்னால் நிற்க வைத்து ஒரு கை பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சொல். இரும்பு வாங்க அவன் உன் ஊர்ப் பக்கம் வருவதுண்டு. உன்னை வந்து பார்த்தானா?

அக்கா

---

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி விட்டது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

கோபப்படாமல் கேள். இதை இத்தோடு விட்டுவிடு. அந்த ஈட்டை வாங்கினவர்களிடமிருந்து மீதி டப்பாக்களைத் திருப்பி வாங்கிவிடேன். ஏதோ கோளாறு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் பெயர் குறையாது, கூடத்தான் செய்யும். சாணைக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. அத்தான் இறந்தபோது கடையைப் பூட்டிவிட்டு முதலில் வந்து நின்றவர் அவர்தான் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

இங்கே வேலை அதிகம். ஒரு வியாபாரி மொத்தமாகப் பிடிகள் கேட்டிருக்கிறார். கடைகிற மரம் ஈரமாக வந்துவிட்டது, காயவைக்க இடமில்லை.

சின்னவள் உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாளாம். நான் பார்ப்பதற்குள் கவரில் போட்டு ஒட்டியும் விட்டாள்.

உன் தம்பி

---

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் அப்படியே. வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, என் சூடு குறையவில்லை.

டப்பாவைத் திருப்பி வாங்கு என்கிறாய். திருப்பி வாங்கினால் அவன் சொன்னது உண்மை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. எரிச்சல் இல்லை, அனுப்பலாம் என்று நீ கைப்பட எழுதிக் கொடுத்திருக்கும்போது நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? உன் அத்தான் சாவுக்கு வந்தவன் என்கிறாய். வந்தவன்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அவன் உன்னைப் பார்த்தானா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் நீ முதல் வரியிலேயே சொல்லியிருப்பாய்.

சின்னவளின் படம் கிடைத்தது. உன்னைக் கரடி மாதிரி வரைந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே மூக்கைக் காணோம், தாடை முழுக்கக் கறுப்புப் பென்சில் கிறுக்கல். சோப்பு காயவைக்கிற அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் அதைப் பார்த்தால் மட்டும்தான் சிரிப்பு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சாணைக்காரனின் பெருமை என்ன? மெஷினைத் தொடமாட்டேன், ஒவ்வொரு கத்தியையும் கல்லில் என் கையாலேயே தீட்டுகிறேன் என்பதுதானே? அதற்காகத்தானே மற்றவர்களைவிட அவனிடம் வரிசையில் நிற்கிறார்கள்? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு முன்னால் அவன் கடைப் பின்பக்கம் நடந்து போனேன், உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தையல்காரரை விட்டு ஒரு புதுக் கத்தி வாங்கினேன். இத்துடன் அனுப்புகிறேன். மரத்தில் வெடிப்பு பார்க்க நீ வைத்திருக்கிற பூதக்கண்ணாடியில் இதன் வாயைப் பார். கையால் தீட்டினால் கோடுகள் முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கோணலாக இருக்கும். மெஷின் என்றால் எல்லாம் ஒரே பக்கம் சீவினமாதிரி ஓடும். பார்த்து எழுது, கத்தியையும் திருப்பி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் நலம். பட்டறையில் வேலை தலைக்கு மேல்.

கத்தியைப் பார்த்தேன். கையால் தீட்டினதுதான் என்று தெரிகிறது. திருப்பி அனுப்பியிருக்கிறேன், வாயில் துணி சுற்றியிருக்கிறது, பிரிக்கும்போது விரல் ஜாக்கிரதை.

போதும் அக்கா. சோப்பு காய்ச்சு. நல்ல ஈடு நான்கு போட்டால் ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள்.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் கண்தான் நலமில்லை போலிருக்கிறது.

கடிகாரக் கடைக்காரரிடம் கண்ணாடியை வாங்கி நானே பார்த்தேன். கோடுகள் எல்லாம் ஒரே பக்கம், சீப்பு வைத்து வாரிவிட்டது மாதிரி. குழந்தைக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் எழுத மனசு வரவில்லையா? சின்ன வயசிலிருந்தே நீ இப்படித்தான். யாரையாவது அடித்தால் அழுவது நீயாக இருக்கும். இளகின மனசு இருக்கலாம், அதற்காக என் எதிராளி பக்கம் இளகக்கூடாது.

அடுத்த மாதம் கூட்டம் வருகிறது. வருஷா வருஷம் சோப்பு, பிரஷ், கத்தி செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவோமே, அதுதான். என் மேசையில் இந்தத் தடவை சோப்பு இருக்காது. அவன் கத்தியும் கடிகாரக்காரரின் கண்ணாடியும் இருக்கும். வருகிறவர்கள் குனிந்து பார்க்கட்டும். அதன் பிறகு உன் பிப்ரவரிக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்பேன். யார் சொல்வது பொய் என்று சபையே முடிவு செய்யட்டும்.

அக்கா

---

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். கூட்டத்துக்குப் போக வேண்டாம். போய்த்தான் தீருவேன் என்றால் கத்தியோடு நிறுத்திக்கொள். என் கடிதத்தை வாசிக்காதே. அது உனக்காக எழுதினது, ஊருக்காக எழுதினதில்லை. தயவுசெய்து வாசிக்காதே.

உன் தம்பி

---

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நீண்ட நாளைக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். நீங்கள் மூவரும் சுகம்தானே.

வாசித்தேன். உன் கூச்சத்துக்காக என் மானத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

முழுக்கச் சொல்கிறேன், கேள். அவன் மேசை என் மேசைக்கு நேர் எதிரே. எப்போதும்போல நீலத் துணி விரித்துக் கத்திகளை வரிசையாக அடுக்கியிருந்தான். என் மேசையில் ஒரே ஒரு கத்தி, ஒரு கண்ணாடி. முதலில் ஒரு வாத்தியார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எதிர் மேசையைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் என் முன்னால் வரிசை நின்றது, அவன் முன்னால் ஒருவரும் இல்லை. யாரோ அவனிடமே போய், மெஷினில்தான் பிடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று அவன் சொல்லவில்லை. வலது கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் நாற்காலி மேல் ஏறி உன் கடிதத்தை வாசித்தேன். நுரை நன்றாக வருகிறது, எரிச்சல் இல்லை, அனுப்பலாம்.  முகம் பார்க்காத சோப்பு என்று சொன்னவருக்கு இதுதான் என் பதில் என்று முடித்தேன்.

மண்டபம் முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் ஒன்றே ஒன்று கேட்டான்:

“அந்தக் கடுதாசி எழுதினவரு இங்க வந்திருக்காராம்மா?”

என் தம்பி தன் வேலையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க வருவானா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான். பிறகு கத்திகளை ஒவ்வொன்றாக மடக்கி, நீலத் துணியில் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பஸ் டிரைவர் என்று ஒருவர் ஓரத்தில் நின்றிருந்தார், அவரும் கூடவே போனார். அந்த ஆளின் கன்னத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பேர் அங்கேயே அவனுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்தார்கள். எனக்கு வந்த ஆர்டர்களை எழுதிவைக்கக் கை ஓயவில்லை. இதைவிட நல்ல நாள் என் வாழ்க்கையில் கொஞ்சம்தான். உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உடனே பதில் எழுது.

அன்புடன்,
அக்கா

---

நவம்பர் 20

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏன் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

சாணைக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. நான் உள்ளே கூப்பிடவில்லை. கடையைக் காலி செய்கிறாராம், கத்தி வாங்க ஒருவரும் வருவதில்லையாம். விற்காமல் வைத்திருந்த என் எலுமிச்சைப்புல் டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கட்டைவிரலில் நரம்பு அறுந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். முதல் தீட்டலை மெஷினில் போட்டு, கடைசித் தீட்டலை மட்டும் கல்லில் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லாமல் விற்றது தப்புதான் என்றார். அதற்குமேல் சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை.

எனக்கு அதுவும் போதவில்லை. என் சோப்பைப் பற்றிச் சொன்னதும் பொய்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

“ஏப்ரல் மாசம் உங்க தம்பிய நேர்ல போயிப் பாத்தேம்மா. தாடி நெஞ்சத் தொடுது. ஒரு நாள் ரெண்டு நாள் தாடி இல்ல. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. அவரு பேர இழுக்காம சொல்றதுக்கு எனக்கு வேற வார்த்த கெடைக்கல.”

கூட்டத்தில் நான் நாற்காலி மேல் நின்றபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“அத்தன பேரு முன்னால உங்களுக்கு அது வேணாம்னு தோணுச்சு.”

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஒரு டப்பாவைத் திறந்து நாக்கு நுனியில் வைத்தேன். பாட்டரியை நக்கினதுபோல் சுண்டி இழுத்தது. காரம் விற்ற கடைக்குப் போய்க் கேட்டேன். புதுச் சரக்கு பழையதைவிட வீரியம் கூட, அளவைக் குறைத்துப் போட வேண்டும் என்றார்கள், இதுகூடத் தெரியாதா என்று பார்த்தார்கள். அது என் தப்பு. அதை உன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஈடும் ஒரு முகத்தைத் தாண்டித்தானே வெளியே போகும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்து சுவரைப் பார்த்தேன். சின்னவள் கரடியை வரையவில்லை. ஐந்து வயதுக் குழந்தை உண்மையை எழுதி அனுப்பியிருக்கிறாள், நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். திட்டிவிட்டால் உனக்கு லேசாகிவிடும்.

இத்துடன் அந்த டப்பாக்களில் ஒன்று, ஒரு புது பிளேடு. தாடியைக் கத்தரியால் குறைத்துக்கொள். மீதியை இந்தச் சோப்பைக் குழைத்துச் சவரம் செய். அவசரமாகக் கழுவக் கூடாது, அந்த பஸ் டிரைவர் எப்படிச் செய்திருப்பாரோ அப்படிச் செய். எடுத்த தாடியைக் கவரில் போட்டு அனுப்பு. வெறும் எழுத்தை இனி நான் நம்புவதாக இல்லை. பிறகு, பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டியதை எழுது.

அந்த ஈடு வாங்கின ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டேன், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் சொல்லிவிட்டேன். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு சாணைக்காரர் கடை வாசலுக்கு எல்லோரும் வருகிறார்கள். முதலில் என் தப்பை நான் சொல்வேன். அப்புறம் உன் கடிதத்தை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பேன்.

அக்கா

---

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நீ நலம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது?

சொன்னபடி செய்துவிட்டேன். தாடி இன்னொரு கவரில் இருக்கிறது. சின்னவள் என்னைப் பார்த்து, யாரோ வந்திருக்கிறார் என்று அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். இன்னும் பக்கத்தில் வரவில்லை.

தாடி வைத்து இரண்டு வருஷமாகிறது. மரத்தூளும் சவரமும் சேர்ந்து தோல் புண்ணாகிவிட்டது, பிளேடே படக்கூடாது என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான் இல்லையென்றால் உனக்கு வேறு முகம் இல்லை என்று நினைத்தேன். நுரையைக் கையில் போட்டுப் பார்த்தும், வாசனை பிடித்துப் பார்த்தும் எழுதினேன். உன் கை தவறாது என்ற தைரியம். ஒரு தடவை எழுதின பொய்யையே ஒவ்வொரு ஈட்டுக்கும் திருப்பித் திருப்பி எழுதினேன். பிப்ரவரியில் எழுதினதும் அதே பொய்தான்.

சாணைக்காரர் ஐயா, இதை அக்கா வாசிக்கும்போது நீங்களும் அங்கே இருப்பீர்கள். நான் பிடித்த கையை நீங்கள் உதறவில்லை. பதிலுக்கு, உங்கள் கடை மூழ்குகிறவரை நான் இங்கே பிடி கடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தியைப் பார்த்து அக்காவுக்கு எழுதின பொய்யைத் தவிர, உங்களுக்காக நான் ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. டிரைவர் அண்ணன் முகத்துக்கும் நான்தான் காரணம்.

அக்கா, இன்னொன்று. பத்து வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் சோப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தோலை டாக்டரிடம் காட்டினேன் என்று பிப்ரவரியில் எழுதினேன். நீ சின்னவளின் சளியை விசாரித்தாய். இதைச் சொல்வதால் என் தப்பு குறையாது, தெரியும். ஓர் எழுத்து விடாமல் வாசிப்பேன் என்றாய் அல்லவா, அதனால் எழுதுகிறேன். வாசி.

இனி நீ கேட்டது.

சோப்பு கிடைத்தது. நுரை நன்றாக வருகிறது. வாசனை இதமாக இருக்கிறது. முதல் இழுப்பிலேயே கன்னம் எரிந்தது. கழுத்தில் தோல் உரிந்துவிட்டது. தண்ணீர் பட்டால் இன்னும் கூடுகிறது. இதை எழுதும்போதும் எரிகிறது.

அனுப்பாதே.

உன் தம்பி